தேயிலையில் ‘பட்டாம்பூச்சி’: தோட்டம் முழுக்க மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. கறுப்பில் வெள்ளைப் பட்டையும் பச்சை மினுமினுப்புமாகப் பட்டாம்பூச்சிகள் பகலில் பறக்கின்றன. செங்கல் நிறப் புழுவும் தென்படுகிறது. மோனோகுரோட்டோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்து தோட்டம் முழுக்க அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். டேங்குக்கு எவ்வளவு?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். நீங்கள் பார்த்தது பட்டாம்பூச்சி அல்ல, எடெரூசியா என்ற பகல் அந்துப்பூச்சி. ஆணின் உணர்கொம்பு சீப்புப் பல் போலிருக்கும். செங்கல் நிறப் புழு இதன் புழுதான். குச்சியால் லேசாகத் தொடுங்கள். முதுகு முண்டுகளில் தெளிந்த நீர் துளிக்கும். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: எத்தனை செடியில் புழு இருக்கிறது? இது பெரும்பாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும். முற்றிய இலைகளைத் தின்னும், அதனால் மேலே கொழுந்தை மட்டும் பார்த்தால் தெரியாது. செடியை விலக்கி உள்ளே பாருங்கள். மடித்த இலைக்குள் கூட்டுப்புழு இருக்கும். கையுறை போட்டு இரண்டையும் பொறுக்குங்கள். பொறுக்கியதை உடனே நசுக்காமல், சின்னக் கண் கம்பிவலை மூடிய டப்பாவில் வையுங்கள். புழுவுக்குள் அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணி ஈயோ குளவியோ இருந்தால் வலை வழியே தோட்டத்துக்கே திரும்பிப் போகும். அந்துப்பூச்சி வெளியேற முடியாது.

இந்த ஒட்டுண்ணிகளுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். சைபர்மெத்ரின் முதலில் கொல்வது அவற்றைத்தான். இலைச்சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்னும் பூச்சிகளும் கூடவே போகும். அப்புறம் செஞ்சிலந்தி பெருகி இலை செம்பழுப்பாகும், நீங்கள் அதே கடைக்கு அடுத்த மருந்துக்கு நிற்பீர்கள். மோனோகுரோட்டோபாஸ் தேயிலைக்கு அனுமதியே இல்லாத மருந்து. கொழுந்தில் எச்சம் இருந்தால் பேக்டரியில் வாங்க மாட்டார்கள், நஷ்டம் கடைக்காரருக்கு இல்லை. எந்தச் செடி, எந்தப் பூச்சி என்று பார்க்காமல் கலவை கொடுப்பவரிடம் யோசனை கேட்பதை விட்டுவிடுங்கள். இரவில் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் விளக்குப் பொறி விற்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பகலில் பறக்கிற பூச்சிக்கு அதை நம்பிப் பணம் போட முடியாது.

பொறுக்கியும் அடங்காவிட்டால், அந்தத் திட்டுக்கு மட்டும் சாயங்காலம் வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் மருந்தை அடியுங்கள். தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, அடித்தபின் காத்திருக்க லேபிளில் சொன்ன இடைவெளி முடிந்தபிறகே கொழுந்து பறியுங்கள்.

வரிசைக்குப் பத்துச் செடி பார்த்து, புழுக் கணக்கை எழுதி அனுப்புங்கள். அதன்பிறகு மேற்கொண்டு சொல்கிறேன்.