போன்ல ஆராதனை கேக்கிற நான் சபைக்கு உள்ளயா வெளியவா? – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணாவுக்கு ஸ்தோத்திரம்,

நான் திருகோணமலை ஆள், இப்ப சவுதியில தம்மாம்ல வேலை. இங்க சேர்ச் ஒண்டும் இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும். ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். ஊர்ல காலமை எட்டு மணிக்கு ஆராதனை தொடங்கேக்க இங்க அஞ்சரை, கம்பெனி பஸ்ஸில ஏறி இயர்போனைப் போட்டுக்கொண்டு எங்கட சபையின்ர ஜூம் லிங்க்ல சேருவன். கொரோனா நேரம் தொடங்கினதை எங்கட பாஸ்டர் வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்காக இன்னும் நிப்பாட்டாம வைச்சிருக்கிறார். திருவிருந்து ஞாயிறுகள்ல ஒரு துண்டு குபூசும் (இங்கத்த அரபு ரொட்டி) கொஞ்சம் திராட்சை ஜூசும் கையில வைச்சிருந்து அவர் சொல்லேக்க எடுப்பன். போன மாசம் ஒரு மூப்பர் போன்ல கதைக்கேக்க, "ஸ்க்ரீனில பாக்கிறது ஆராதனை இல்ல, அது புரோகிராம், நீ இப்ப சபைக்கு வெளியதான் நிக்கிறாய்" எண்டு சொல்லிப்போட்டார். அண்டையில இருந்து மனசு சரியில்ல.

இன்னொண்டு. என்ர மனிசி பிள்ளையளோட ஊர்லதான், சேர்ச் நடந்து போற தூரம். ஆனா அவ இப்ப போறேல்ல, சென்னையில ஒரு பெரிய ஊழியக்காரர்ட யூடியூப் லைவ்தான் பாக்கிறா. கேட்டா "நீங்களும் போன்லதானே, எனக்கு மட்டும் ஏன் சட்டம்" எண்டு கேக்கிறா. சேர்ச்சில ஆக்கள் நான் அனுப்புற காசைப் பத்தியும் அவ உடுத்துற சாறியைப் பத்தியும் கதைக்கிறாங்களாம். நாங்க ரெண்டு பேரும் செய்றது ஒண்டுதானா அண்ணா? பெயரைப் போட வேணாம்.

---

தம்பி,

மூப்பர் சொன்ன அந்த வசனம் சரியான பாரம், அதைச் சுமந்துகொண்டு விடியக் காலமை பஸ் ஏறுறீங்க எண்டு நினைக்க எனக்குத் தாங்க ஏலாம இருக்கு, அதனால மற்றதெல்லாம் பிறகு, முதல்ல இதைச் சொல்றன். நீங்க சபைக்கு வெளிய இல்ல.

வெளிப்படுத்தின விசேஷம் முதலாம் அதிகாரத்தை எடுத்து வாசிங்க. யோவான் பத்மு தீவில கிடக்கிறார், தேவ வசனத்தினிமித்தம் அங்க இருக்கிறன் எண்டு அவரே சொல்றார், ஆசியாவில இருந்த சபையள் கர்த்தருடைய நாள்ல கூடியிருக்கும், இவர் அதில இல்ல, சுத்திவரக் கடல். அந்த நாள்லதான் ஆவிக்குள்ளானார், அவர் எழுதி அனுப்பினது அந்த ஏழு சபைக்கும்தான். பவுல் காவல்ல இருந்துகொண்டு கொலோசெயருக்கு "சரீரத்தின்படி நான் தூரமாயிருந்தும், ஆவியின்படி உங்களுடனேகூட இருந்து" எண்டு எழுதுறார். எங்கட நாட்டுச் சரித்திரத்தையே பாருங்க, 1658ல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு கத்தோலிக்க குருமாரைத் துரத்தின பிறகு, 1687ல யோசப் வாஸ் அடிகள் கோவாவில இருந்து வேசம் மாறி வந்து சேருற வரைக்கும் அந்தச் சனத்துக்குப் பூசை இல்ல, நற்கருணை இல்ல, வீட்டுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சுத்தான் செபம். கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. அவங்களைப் பாத்து நீங்க திருச்சபைக்கு வெளிய நிண்டீங்க எண்டு சொல்ல யாருக்கு வாய் வரும்? வர ஏலாம இருக்கிறது வேற, வராம இருக்கிறது வேற. உங்களுக்கு முன்னால ஒரு நாட்டின்ர சட்டம் நிக்குது.

ஆனா தம்பி, மூப்பர் சொன்னதில ஒரு உண்மையும் இருக்கு, அதையும் நான் மறைக்க மாட்டன். ஸ்க்ரீன் போதும் எண்டு சொல்ல என்னால ஏலாது. எபிரெயர் பத்தாம் அதிகாரத்தில சபை கூடிவருதலை விட்டுவிடாமல் எண்டு இருக்கிற இடத்தைத்தான் எல்லாரும் காட்டுவாங்க, எனக்கு அதைவிட மனசில நிக்கிறது யோவானின்ர ரெண்டாம் நிருபத்தின்ர கடைசி. எழுத வேண்டியது நிறைய இருக்கு, காகிதத்தாலயும் மையாலயும் எழுத மனசில்ல, வந்து முகமுகமாய்ப் பேசலாம் எண்டு நம்பியிருக்கிறன் எண்டு முடிக்கிறார். அண்டைக்கு இருந்த வசதி கடிதம்தான், அதை நல்லாப் பாவிச்சவங்கதான், எண்டாலும் கடிதம் போதும் எண்டு ஒருத்தரும் இருக்கேல்ல, எப்ப வந்து முகம் பாப்பம் எண்டுதான் அந்த நிருபங்கள் முழுக்க ஏக்கமா இருக்கு.

எங்கட ஆக்களுக்கு ஸ்க்ரீன் கொரோனாவோட வந்ததில்ல, அதுக்கு முதல் வருசமே வந்துட்டு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் சபை எண்டு ஆராதனை நேரம் சேர்ச்சுகளில குண்டு வெடிச்ச நாள். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28 கொழும்பில கர்தினால் தன்ர இல்லத்தில இருந்த சிற்றாலயத்தில பூசை வைக்க நாடு முழுக்க டிவியில பாத்துச்சு. பிறகு சேர்ச்சுகள் திறக்கேக்க வாசல்ல துவக்கோட ஆமி நிக்க, பைபிள் பேக்கையும் திறந்து காட்டிப்போட்டு சனம் உள்ள போனது. பயம் இல்லாம இல்ல, பயத்தோடதான் போனாங்க. டிவியில பாத்ததே போதுமெண்டு இருந்திருந்தா, அந்த நிலமையில பிள்ளையையும் கையில பிடிச்சுக்கொண்டு ஏன் போகோணும்? 2020ல ஊரடங்குக்குள்ள ஈஸ்டர் வந்து எல்லாருமே போனுக்கு மாறின நேரம், பாப்பரசர் பிரான்சிஸ் தன்ர காலமைப் பூசையை நாளும் லைவ்ல குடுத்துக்கொண்டிருந்தவர், அவரே ஏப்ரல் 17ஆம் திகதி பிரசங்கத்தில இது திருச்சபை கஷ்டத்தில இருக்கிற நிலை, இதையே திருச்சபையாக்கிப் போடக் கூடாது எண்ட கருத்தில எச்சரிச்சார். நான் மெதடிஸ்த ஆள்தான், ஆனா அந்தச் சொல்லை நான் அப்பிடியே ஏத்துக்கொள்றன்.

ஜூம்ல என்ன குறையுது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. சேந்து பாட ஏலாது, ஒருத்தர்ட சத்தம் மற்றவருக்குப் பிந்தி வரும், அதனால எல்லாரையும் மியூட்டில போட்டுட்டு ஒருத்தர் பாட மற்றவை வாயசைக்கிறதுதான். காசு கட்டாத கணக்கெண்டா நாப்பது நிமிசத்தில வெட்டிவிடும், பிரசங்கம் நடுவில நிக்கும், திரும்ப லிங்க்ல சேரோணும். அதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம், பின் வாங்கில இருந்து ஒரு அம்மா அழுதா பக்கத்தில இருக்கிறவ கையைப் பிடிப்பா, ஆராதனை முடிஞ்சு வாசல்ல நிண்டு என்ன நடந்தது எண்டு கேப்பாங்க. ஸ்க்ரீனில வீடியோவை நிப்பாட்டிப்போட்டு அழுதா ஒருத்தருக்கும் தெரியாது.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன், ரெண்டு பேரும் செய்றது ஒண்டா எண்டு. ஒண்டில்ல.

ரோமாபுரியில இருந்த ஜஸ்டின் எண்டவர், விசுவாசத்துக்காகச் செத்தவர், 155 அளவில பேரரசருக்கு எழுதின விளக்கத்தில கிறிஸ்தவங்க ஞாயிறு என்ன செய்றாங்க எண்டு வரிசையா எழுதியிருக்கிறார். பட்டணத்தில இருக்கிறவங்களும் நாட்டுப்புறத்தில இருக்கிறவங்களும் ஒரு இடத்தில கூடுவாங்க, வாசிப்பாங்க, ஜெபிப்பாங்க, அப்பம் பகிருவாங்க, வர ஏலாத ஆக்களுக்கு டீக்கன்மார், அதாவது சபையின்ர உதவி ஊழியக்காரர், கொண்டுபோய்க் குடுப்பாங்க. நான் இதை எத்தினையோ தரம் வாசிச்சிட்டன், ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரியில நிண்டுபோவன். அண்டைக்கே வராத ஆக்கள் இருந்திருக்கிறாங்க, ஆர் வரேல்ல எண்டு சபைக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சு ஒருத்தர் எழும்பி நடந்து போயிருக்கிறார். உங்கட பாஸ்டர் அந்த லிங்கை இன்னும் திறந்து வைச்சிருக்கிறது அந்த டீக்கன்மார் செய்த வேலைதான். அங்க திருகோணமலையில கூடியிருக்கிறது உங்கட சபை, நீங்க அதில வர ஏலாத ஒரு அங்கம், சபை உங்களைத் தேடி தம்மாம் வரைக்கும் வருது. ரெண்டு கிழமை நீங்க சேராட்டி ஆராவது மெசேஜ் போட்டுக் கேப்பாங்கதானே, அதுதான் எனக்குப் பெரிசு.

உங்கட மனிசி பாக்கிற ஊழியக்காரரை நான் குறை சொல்லேல்ல, நல்ல பிரசங்கமா இருக்கலாம், அதால அவ பெலன் அடைஞ்சும் இருக்கலாம், ஆனா அவ ஒரு வருசம் பாக்காம விட்டாலும் அவருக்குத் தெரியப்போறதில்ல, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா அவர் வரமாட்டார். உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கேக்க பாத்திருப்பீங்க, கரையில நிண்டு பாக்கிற ஆளுக்கும் வலை வாறது வடிவாத் தெரியும், கயித்தில கை வைச்சவனுக்குத்தான் பங்கும் இருக்கு, கைவலியும் இருக்கு. அவ பக்கத்திலயே சேர்ச்சை வைச்சுக்கொண்டு கரையில நிக்கிறா.

ஆனா அவ ஏன் நிக்கிறா எண்டதுக்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீங்க, எனக்கு இந்தக் கடிதத்தில கோவம் வந்த இடமும் அதுதான். புருசன் வெளிநாட்டில, தனிய ரெண்டு கையாலயும் பிள்ளையளை வளக்கிற ஒரு பிள்ளையின்ர சாறியைப் பத்தி ஆண்டவற்ற வீட்டில நிண்டு கதைக்கிற சபை, பிறகு அவ யூடியூப்ல இருக்கிறா எண்டு குறை சொல்ல ஏலாது. சபை கூடிவருதலை விடாதீங்க எண்டு சொல்ற அதே வசனம் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்க எண்டுதான் தொடருது, அதுக்கு முதல் வசனம் அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவிவிடச் சொல்லுது. கூடுறது அதுக்குத்தான். அவ போகாம விட்டு எத்தின பேர் வீட்டுக் கதவைத் தட்டினாங்க? உங்களுக்கு சட்டம் சொன்ன மூப்பர் அங்க போனவரா? அவவோட நீங்க "நான் ஏலாம போன்ல, நீ ஏன்" எண்டு வாதாட வேணாம். அவவுக்கு நடந்தது பிழை எண்டு முதல்ல சொல்லுங்க. அந்தச் சேர்ச்சுக்குத்தான் திரும்பிப் போகோணும் எண்டும் இல்ல, திருகோணமலையில சேர்ச்சுக்குப் பஞ்சமில்ல, அவவின்ர பெயரைச் சொல்லிக் கூப்பிடுற ஒரு இடத்துக்குப் போகட்டும்.

குபூசும் ஜூசும் பற்றி. கத்தோலிக்கத் திருச்சபை 2002லயே இண்டர்நெட் வழியா திருவருட்சாதனம் (நற்கருணை போல உள்ள திருச்சடங்குகள்) இல்ல எண்டு எழுதி வைச்சிட்டு. எங்கட புரொட்டஸ்தாந்து பக்கத்தில ஒரே முடிவு இல்ல, அதனால உங்கட பாஸ்டர்ட்ட நேரா கேளுங்க, தீர்க்க வேண்டியது அவர். என்ர மனசைக் கேட்டா, நான் எடுக்க மாட்டன். பவுல் கொரிந்தியருக்கு "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" எண்டு எழுதினது இந்தப் பந்தியைப் பத்தித்தான். பஸ்ஸில தனிய எடுக்கிறதைவிட லீவில வந்து ஒரே மேசையில எடுக்கிற வரைக்கும் பசியோட இருப்பன், அந்த நேரம் ஜெபம் பண்ணுவன். ஆனா நீங்க எடுத்தது பாவம் எண்டு நான் சொல்லேல்ல, அதை நினைச்சுக் குழம்ப வேணாம்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே. கேம்ப்ல கேரள ஆக்கள், தமிழ்நாட்டு ஆக்கள் கட்டாயம் ஆராவது விசுவாசிகள் இருப்பாங்க, நம்பிக்கையான ஒருத்தர் ரெண்டு பேரோட, கவனமா, ரூமுக்குள்ள சத்தமில்லாம ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபிங்க, ரெண்டு மூண்டு பேர் என்ர பேரில கூடினா அங்க நான் இருப்பன் எண்டு ஆண்டவர் சொன்ன வாக்கு அங்கயும் செல்லும். பாட்டு வேணாம், பக்கத்து ரூமுக்குக் கேக்கும். பஹ்ரைன்ல சேர்ச்சுகள் இருக்கு, தம்மாம் பக்கத்தில இருந்து பாலத்தால போற தூரம்தான், விசா, ரீ என்ட்ரி எல்லாம் கம்பெனி சம்மதிச்சா ஒரு பண்டிகைக்காவது போய்வரப் பாருங்க, வேலைக்கு ஆபத்து வருமெண்டா வேணாம்.

கடைசியா ஒரு விசயம். உங்கட மனிசி சம்மதிச்சா மட்டும், வீடு எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தனிய ஈமெயில்ல எழுதுங்க. என்ர மனிசி பின்னேரத்தில போய்ப் பாப்பா. சேர்ச்சுக்கு வாங்க எண்டு கூப்பிட இல்ல, பிள்ளையளோட கொஞ்ச நேரம் இருந்து கதைச்சிட்டு வாறதுக்கு. அவ வேணாம் எண்டா அதையும் எழுதுங்க, நாங்க ரெண்டு பேரும் வீட்டில இருந்து ஜெபிக்கிறம்.