அம்மாவை ஏன் அனுப்பினீர்கள்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 4 வயது. ஓட்டிசம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் வாரம் 25 மணித்தியாலம் நடத்தைப் பயிற்சி கொடுத்தால் பேசிவிடுவான் என்கிறார்கள். நகையை அடைவு வைத்து, அங்கே அறை எடுத்துத் தங்கலாமா என்று யோசிக்கிறேன். கணவர் கத்தாரில். "நீயே முடிவெடு" என்கிறார். இங்கே வீட்டுக்கு வந்து பழக்குபவர், அம்மம்மா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்றதால் அம்மாவைத் திருக்கோவிலில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். தயிர்ச்சோறு ஊட்டும்போது அம்மா கையை நிறுத்தினால் மட்டும் "தா" என்பான். இப்போது அதுவும் இல்லை. கொழும்புக்குப் போகலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, நீங்கள் கொழும்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குத் திருக்கோவிலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வாயில் வேறு சொல் இல்லாத பிள்ளை, ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு சொல் சொல்லிக் கேட்டிருக்கிறான். அந்த ஒருவரை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். சொல்லும் போய்விட்டது. இப்போது அதைத் தேடி நகையை அடைவு வைக்கப் போகிறீர்கள். அதுவும் யாருடைய வீட்டிலிருந்து யாரை அனுப்பினீர்கள்? நம் பக்கத்தில் தாய்தான் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வாள். உங்கள் வீடும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

செல்லமாம்! செல்லம் கொடுக்கிறவர் பிள்ளை கேட்பதற்கு முன்பே ஊட்டிவிடுவார். உங்கள் அம்மா கவளத்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, அவன் கேட்கும்வரை காத்திருந்திருக்கிறார். கேட்டதும் உடனே கொடுத்திருக்கிறார். பிள்ளை விரும்புவதை முன்னால் வைத்து, காத்திருந்து, அவன் முயன்ற கணமே அதைக் கொடுப்பதுதான் நல்ல நடத்தைப் பயிற்சியின் அடிப்படை. வீட்டுக்கு வருகிறவருக்கு அது கண்ணில் படவில்லை என்றால் அவருடைய படிப்பின் மீதே எனக்குச் சந்தேகம்.

வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. ஓட்டிசம் உள்ள 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணித்தியாலம், இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பயிற்சி. அவர்களில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் அளவுக்கு வந்தார்கள் என்றார். வியாபாரம் செய்கிறவர்கள் அந்த 9 பேரைச் சொல்வார்கள், மற்ற 10 பேரைச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயிற்சியில் பிள்ளைகளை அதட்டியதையும் தொடையில் அடித்ததையும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆய்விலேயே பெற்றோருக்கும் பழக்கிக் கொடுத்து, வீட்டிலும் பயிற்சி நடந்தது என்பதையும் சொல்ல மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இத்தகைய பிள்ளைகளுக்காக வகுத்திருக்கும் திட்டமோ பராமரிப்பவர்களுக்கான பயிற்சிதான்: 9 குழு வகுப்புகள், வீட்டுக்கே வந்து பார்ப்பது 3 தடவை.

நடத்தைப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கையில் பிள்ளை கேட்கப் பழகுவான், தலையாட்டி "வேண்டாம்" என்று காட்டப் பழகுவான், கழிப்பறைக்குப் போகப் பழகுவான். ஆனால் எவராக இருந்தாலும் முதலில் கேளுங்கள்: பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? நான் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா? எதைச் சொல்லிக்கொடுத்துத் தொடங்குவீர்கள்? "கை உதறுவதை நிறுத்துவேன்" என்று தொடங்குகிறவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் கையை உதறுவார்கள். உங்கள் மகனும் உதறினால் யாருக்கு என்ன நட்டம்? பேசவைப்பேன் என்று உத்தரவாதம் தருகிறவருக்குத் தேநீரும் வேண்டாம்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சொல் போனதை நான் உங்கள் அம்மா போனதோடு சேர்த்துப் பார்க்கிறேன். வைத்தியர் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். இருந்த சொல்லை இழந்துவிட்டான் என்று கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். செவிப்புலன் பரிசோதனை இதுவரை செய்யவில்லையென்றால் கேட்டுச் செய்வியுங்கள்.

கணவர் விசயம். "நீயே முடிவெடு" என்று சொல்லிவிட்டால், சரிவந்தால் இருவருடைய முடிவு, பிழையாகிப்போனால் உங்களுடைய முடிவு. காசு அனுப்பிவிட்டதால் தகப்பன் வேலை முடிந்துவிடாது. அடுத்த கிளினிக் நாளில் அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு வைத்தியரோடு பேச வையுங்கள். லீவில் வரும்போது சோறூட்டும் வேலையையும் கொடுங்கள்.

இந்தக் கிழமையே திருக்கோவிலுக்குப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வாருங்கள். ஆள் அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். பிள்ளை உடனே "தா" என்பான் என்று எதிர்பார்க்காதீர்கள், நாட்கள் பிடிக்கலாம். அம்மா ஊட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, நீங்களும் அதே போலக் கையை நிறுத்திப் பழகுங்கள். பழக்குகிறவரையும் அந்த நேரத்தில் வரச் சொல்லிப் பார்க்க வையுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பிறகும் கொழும்பில் அறை எடுக்கத்தான் வேண்டுமென்றால், அம்மாவும் கூட வருகிறாரா என்று கேட்டுவிட்டு எடுங்கள். அவர் வராவிட்டால் அறையும் வேண்டாம்.