மொரீஷியஸின் பூர்வகுடிகள் யார்?

யாருமே இல்லை! அரபு மாலுமிகளுக்கும் போர்த்துகீசியருக்கும் தீவு தெரிந்திருந்தது, ஆனால் யாரும் தங்கவில்லை. 1598-இல் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரைச் சூட்டினார்கள், 1638-இல் குடியேறினார்கள். கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பறக்கத் தெரியாத டோடோ பறவை அழிந்ததும் அவர்கள் காலத்தில்தான். வேட்டையைவிட, கப்பலில் வந்த எலி, பன்றி, குரங்குகள் அதன் முட்டைகளைத் தின்றதே பெரிய காரணம் என்பார்கள். 1710-இல் தீவைக் கைவிட்டுப் போனார்கள்.

அப்புறம் 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள். ஆளுநர் லா பூர்தொனே போர்ட் லூயி நகரைக் கட்டியெழுப்பினார். அதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள்தான் அங்கே முதல் தமிழர்கள் என்று நம்மூரில் பலர் நினைப்பது சரியல்ல. அவர்கள் வந்தது சுமார் நூறாண்டு கழித்து.

1810-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1968 மார்ச் 12-இல் விடுதலை, 1992-இல் குடியரசு. இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. 1998-இல் இந்திக்குப் பின்னால் தமிழை அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.