செல்லியின் முழம்

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதி, வாரம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுகிறேன். நாயகி செல்லி, ஒத்தக்கடையில் பூக்கட்டுகிற அம்மாவின் மகள். அந்தி சாய்ந்ததும் யானைமலை உயிர்பெற்று எழுந்து ஊரை மிதிக்கப் போகிறது. மலைக்குள் இருக்கும் பள்ளத்தில் இறங்கி அவள் அதைத் தடுக்க வேண்டும். மதுரை மீனாட்சியான தடாதகையைப் போல எதற்கும் அஞ்சாதவள், கையில் மந்திரவாளும் உண்டு. ஆனாலும் பாதியிலேயே பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள். கடைசிச் சண்டையில் அண்ணன் உதவிக்கு வந்தால் அவள் வீரம் குறைந்துவிடுமா? வயது 10 வைக்கலாமா, 12 வைக்கலாமா? மதுரைப் பேச்சில் எழுதலாமா?

மேலூரிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மதுரைப் பேச்சில் எழுதுங்கள். இதற்கெல்லாம் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாமல் பேனாவைக் கையில் எடுத்தீர்களே, அதற்காகவே உங்களுக்கு எழுதத் தோன்றியது.

இனி திட்டு. முதல் அத்தியாயத்தில் பூக்கட்டுகிறவர் மகள் என்று சொல்லியாயிற்று. நீங்கள் அனுப்பிய அறுபது பக்கத்தில் அந்தப் பிள்ளை ஒரு முழம் பூவாவது கட்டினாளா? அவள் கையில் இருந்த நாரைப் பிடுங்கிக்கொண்டு வாளைக் கொடுத்துவிட்டீர்கள். அந்த வாள் மழுங்காது, உடையாது, தீராது. தீராத பொருளை வைத்திருப்பவளுக்காக எந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்? தடாதகையை வேறு துணைக்கு இழுக்கிறீர்கள். வேள்வித்தீயிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையாக வந்தவள், வந்த மறுநாளே படையெடுக்கவில்லை. மகனுக்குச் சொல்லித் தருவது போல எல்லாக் கலையும் சொல்லித் தந்து வளர்க்கிறார்கள். படிப்பு முடிந்துதான் முடி, அதற்கும் பிறகுதான் திக்குவிஜயம்.

செல்லிக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். வாழைநார் காய்ந்தால் அறும், அதனால் நனைத்து வைக்க வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றிச் சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு அறுபடும், தளர்த்தினால் பூ நழுவும். கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்கிற விரல், இருட்டுக் குகையில் வாளைவிட உதவும். தலையில் வைத்திருக்கும் மல்லிகை இன்னொரு உதவி. விடியுமுன் பறித்த மொட்டு, பகலெல்லாம் வாய் திறக்காமல் இருந்து, சாயங்காலம்தான் இளகி வாசம் விடத் தொடங்கும். மதியம் குகைக்குள் போனவளுக்கு வெளிச்சம் தெரியாது, பொழுது தெரியாது. திடீரென்று பின்னலிலிருந்து வாசம் ஏறுகிறது. அந்தி வந்துவிட்டது, மலை எழப்போகிறது! இதைப் படிக்கிற மதுரைப் பிள்ளைக்கு விளக்கவுரை வேண்டுமா?

இப்போது பள்ளத்துக்கு வருவோம். அதில் அவளை வாளோடு பறக்க விட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கயிற்றில் இறக்குங்கள். கயிற்றை அவளே திரிக்கட்டும். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, மூன்று புரியையும் சேர்த்து இடப்பக்கம் முறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துகொள்ளும். பள்ளத்தின் ஆழம் 40 முழம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். செல்லி தன் கையால் 40 முழம் அளந்து திரித்துக்கொண்டு போகிறாள்.

அங்கேதான் கோளாறு. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. அம்மாவின் முழம் 18 அங்குலம் என்றால் 40 முழம் 60 அடி. செல்லியின் முழம் 15 அங்குலம்தான், அவள் கயிறு 50 அடி. மேலே மரத்தைச் சுற்றிக் கட்டியதில் 2 அடி போய்விடும். ஆக 12 அடி குறைகிறது. கயிற்று நுனியைப் பிடித்துக் கையை நீட்டித் தொங்கினால் பிள்ளையின் உடம்பு ஐந்தரை அடிக்கு வரும். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஆறரை அடி இருட்டு. பூக்கடையில் “கையை நல்லா நீட்டி அளங்கக்கா” என்று சண்டை போடுகிற ஊரில், இந்தத் தப்பை உங்கள் வகுப்பில் ஒருத்தி அவளுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தவள் ஜன்னலைப் பார்க்க மாட்டாள், டீச்சர். “ஐயோ, பத்தாதுடி!” என்று பெஞ்சில் எழுந்து நிற்பாள்.

ஆறரை அடி என்பது நமக்குத் தெரியும், செல்லிக்குத் தெரியாது. அவளுக்கு அது அடியே இல்லாத பள்ளம். கத்த வேண்டாம், வசனமும் வேண்டாம். கயிற்றைக் காலில் பின்னிக்கொண்டு, இடுப்பில் செருகிய ரப்பர் செருப்பில் ஒன்றை உருவிக் கீழே போடட்டும். ‘பொத்’. சத்தம் உடனே வந்துவிட்டது. அப்படியானால் தரை பக்கத்தில்தான். இருந்தும் கை விட மறுக்கிறது. அந்த இடத்திலேயே நின்று ஒரு பக்கம் எழுதுங்கள். உள்ளங்கை எரிகிறது, நார் ஈரத்தில் வழுக்குகிறது, பின்னலில் வாசம் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு விடட்டும்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழக்குயில்குடி சமணர்மலையில் செட்டிப்புடவுக் குகைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். சிங்கத்தின் மேல் ஒரு பெண் வில்லும் அம்புமாக இருக்கிறாள். எதிரே யானை மேல் ஒருவன், வாளும் கேடயமுமாக. யானையோடு மோதுகிற வேலை சிங்கத்துக்கு, அம்பு அவளுடையது. சிங்கம் இருப்பதால் அவளை யாரும் குறைத்துப் பார்ப்பதில்லை. அண்ணன் வரட்டும், மேலே மரத்தடியில் முடிச்சு நழுவாமல் காவல் இருக்கட்டும். பள்ளத்துக்குள் மட்டும் அவனை இறக்காதீர்கள்.

வயது? அளவுகோலோடு நாளை வகுப்புக்குப் போங்கள். எந்தப் பிள்ளையின் முழம் 15 அங்குலம் வருகிறதோ, அவள் வயதை வைத்துவிடுங்கள்.