உட்கார்ந்தால் எரிகிறது, அறுவை வீணாகிவிட்டதா?

கேள்வி: ரெயூனியன் தீவின் சேன்ட் ஆந்த்ரேயில் வசிக்கிறேன், வயது 46. நெடுநாள் இடுப்புக்குழி வலிக்காக பிரான்சின் நாந்த் நகரில் புடெண்டல் நரம்பின் (பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிக்குச் செல்லும் நரம்பு) அழுத்தத்தை நீக்கும் அறுவை நடந்து பத்து வாரம் ஆகிறது. அரைமணி நேரம் உட்கார்ந்தாலே பழைய எரிச்சல். சில நாள் முன்பைவிட மோசம். அறுவை வீண்தானா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

பதில்: பத்து வாரத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், அம்மா. பிட்டத்தின் ஆழத்தில் இரண்டு தசைநார்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த நரம்பு அது. அறுவை அதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சேதமான நரம்பிழை வளர்வதே நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஆண்டுக்கணக்கில் வலிக்குப் பழகிப்போன தண்டுவடமும் மூளையும் உடனே அடங்குவதில்லை. இடையிடையே வலி கூடுவதும் வழக்கம்தான்.

அதே நாந்த் நகர மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 3 மாதத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே வலி குறைந்திருந்தது. 12 மாதத்தில் 10-க்கு 7 பேருக்கு. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் குணமாகவும் இல்லை. ஆனாலும் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

வலியைத் தினமும் எடைபோட வேண்டாம். எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். இரண்டு துண்டுகளை நீளவாக்கில் சுருட்டி, நடுவே இடைவெளி விட்டு, ஒவ்வொரு பிட்டத்தின் கீழும் ஒன்றாக வைத்து உட்காருங்கள். பாரம் எலும்பில் விழும், நரம்பில் விழாது. எரிச்சல் தொடங்கும் முன்பே எழுந்துவிடுங்கள். வளைவுகள் நிறைந்த சிலாவோஸ் மலைப்பாதையில் கார்ப் பயணம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்!

முக்கியமானது மலச்சிக்கல். முக்கினால் இந்த நரம்பு இழுபடும். வலி மாத்திரைகள் சிலவும் மலத்தை இறுக்கும். தண்ணீர், பப்பாளி, முருங்கைக்கீரை போதாவிட்டால் மலமிளக்கி கேளுங்கள். நரம்பு வலி மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பின் சொல்லித்தரும், இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கும் பயிற்சியைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று செய்யாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தசையைத் தளர்த்தத்தான் கற்க வேண்டும். அதை இயன்முறை மருத்துவர் சொல்லித் தருவார்.

காவடி இந்த ஆண்டு வேண்டாம். பாரம், நெடுநேர நடை, தரையில் அமர்தல் மூன்றும் ஒரே நாளில் ஆகாது. முருகன் வட்டி கேட்க மாட்டான்.

காய்ச்சல் வந்தாலோ காயத்தில் சீழ் வடிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், கால் பலமிழந்தால் உடனே அவசர மருத்துவ உதவி எண் 15-ஐ அழையுங்கள்.