ஒரே சாவி, இரண்டு வீடு

வணக்கம் சார்,

எல்தார் ரியாசானோவின் ‘விதியின் விளையாட்டு’ (1975) பார்த்தேன். ரஷ்யர்கள் புத்தாண்டுக்குப் புத்தாண்டு பார்க்கிற படமாம். மாஸ்கோக்காரன் ஒருவன் குடிபோதையில் லெனின்கிராடுக்கு விமானம் ஏற்றப்படுகிறான். அங்கேயும் அதே தெருப்பெயர், அதே எண். அவன் சாவியே ஒரு பெண்ணின் வீட்டைத் திறக்கிறது. நம்பவே முடியவில்லை. மூன்று மணி நேரம், நடுவே கிடார் பாட்டு வேறு. பாட்டுகளை ஓட்டிவிட்டேன். இதில் என்னதான் இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

சாவி திறப்பதை நம்ப வேண்டாம், அது கேலி. கட்டடங்களில் வீண் அலங்காரம் கூடாது என்று 1955-ல் சோவியத்தில் ஆணை வந்தது. அப்புறம் ஊர் ஊராக ஒரே அச்சில் அடுக்குமாடிகள் எழுந்தன. படம் தொடங்கும்போதே ஒரு கார்ட்டூன் வருமே, அதையும் ஓட்டிவிட்டீர்களோ? அழகான வரைபடத்தோடு போகிற கட்டடக் கலைஞரிடம் அதிகாரிகள் ஒவ்வொன்றாக வெட்டச் சொல்லி, கடைசியில் மொட்டைப் பெட்டி மிஞ்சும். லெனின்கிராட் வீடென்று காட்டுவதையும் மாஸ்கோவில்தான் எடுத்தார்கள். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாட்டுகளை ஓட்டியதுதான் எனக்கு வருத்தம். அந்த மாஸ்கோக்காரன் ஷென்யாவும் வீட்டுக்காரி நாத்யாவும் முப்பதைத் தாண்டியவர்கள், இருவருமே அம்மாவோடு இருப்பவர்கள். விடியும்வரை சண்டை போடுகிறார்கள். மனதில் இருப்பதைப் பேச்சில் சொல்வதேயில்லை, கிடாரை எடுத்தால்தான் வெளியே வருகிறது. தாரிவெர்தியேவ் இசையமைத்தவை பெரும்பாலும் பெரிய கவிஞர்களின் வரிகள். நாத்யாவுக்காக அல்லா புகச்சோவா பாடுவதில் ஒன்று மரீனா ஸ்வெதாயெவாவின் கவிதை. உனக்கு என்மேல் காதல் இல்லை, எனக்கும் உன்மேல் இல்லை, நல்லதாகப் போயிற்று என்று ஒரு பெண் நன்றி சொல்லிக்கொண்டே வருவாள். நன்றி நீள நீளக் குட்டு உடையும். ஷென்யா பாடுவதில் ஒன்று பாஸ்டர்நாக்கின் கவிதை. அவருடைய ‘டாக்டர் ஷிவாகோ’ நாவல் 1988 வரை சோவியத்தில் அச்சேறவில்லை. அவர் கவிதையோ, படம் முதலில் ஒளிபரப்பான 1976 ஜனவரி 1 அன்று அரசுத் தொலைக்காட்சி வழியாக வீடு வீடாகப் போனது. உடனே இதில் ரகசிய எதிர்ப்பைத் தேட வேண்டாம். சோவியத் படம் என்றாலே வெளியாட்களான நமக்கு அந்த வியாதி வந்துவிடுகிறது.

ஷென்யா மேல் எரிச்சல் வந்திருந்தால் நியாயம்தான். அடுத்தவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்கு நிச்சயமானவனின் படத்தை ஜன்னல் வழியே எறிகிறவனை எப்படி ரசிப்பது? என் ஓட்டு அந்த இப்போலித்துக்குத்தான். கார், ஒழுக்கம், பிரெஞ்சு வாசனைத் திரவியம் என்று எல்லாம் சரியாக வைத்திருந்து தோற்கிற ஆள். இதே படத்தின் இரண்டாம் பாகத்தில் அவர் குடித்துவிட்டு ஓவர்கோட்டும் தொப்பியுமாக ஷவரின் கீழ் நிற்பார், பெரிய அழகான முட்டாள்தனங்களை நாம் விட்டுவிட்டோம் என்றும் புலம்புவார். மூன்று மணி நேரம் முடியாதென்றால் அந்தப் பாகத்தை மட்டும் மறுபடி பாருங்கள். பாட்டுகளோடு.