பனூஃப்னிக்கின் முதல் சிம்பொனி எது?

அன்புள்ள சார்,

வணக்கம். போலந்து இசையமைப்பாளரும் இசை நடத்துனருமான ஆந்த்ஜெய் பனூஃப்னிக் பற்றி நீங்கள் ஓரிடத்தில் எழுதியதைப் படித்துவிட்டு அவரைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். 1948இல் எழுதிய 'சின்ஃபோனியா ரஸ்டிகா'தான் அவருடைய முதல் சிம்பொனி என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே இரண்டு சிம்பொனிகள் எழுதி, அவை போரில் எரிந்துபோனதாகவும் படித்தேன். அப்படியானால் ரஸ்டிகா மூன்றாவது அல்லவா? எரிந்ததை நினைவிலிருந்து திரும்ப எழுதியிருக்கலாமே? அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ரா.ம., ஈரோடு

அன்புள்ள ரா.ம.,

திரும்ப எழுதினார். எழுதிவிட்டு அவரே தூக்கிப் போட்டார். உங்கள் கணக்குக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

பனூஃப்னிக் 1914இல் வார்சாவில் பிறந்தவர். அப்பா வயலின் செய்பவர், அம்மா வயலின் வாசிப்பவர். வியன்னாவில் நடத்துனர் வைன்கார்ட்னரிடம் இசை நடத்தக் கற்றார். ஜெர்மானியர் வார்சாவைப் பிடித்தபிறகு போலந்துக்காரர்களுக்குக் கச்சேரி அரங்குகள் இல்லை. காபிக்கடைகள்தான். அங்கே அவரும் இன்னொரு போலந்து இசையமைப்பாளரான லுட்டோஸ்லாவ்ஸ்கியும் இரண்டு பியானோக்களில் சேர்ந்து வாசித்துப் பிழைத்தார்கள்.

1944இல் ஜெர்மானியருக்கு எதிராக வார்சாவில் நடந்த எழுச்சியின்போது பனூஃப்னிக் உடம்பு முடியாத அம்மாவோடு நகருக்கு வெளியே இருந்தார். எழுச்சியில் தம்முடைய அண்ணன் மிரோஸ்லாவை இழந்தார். கையெழுத்துப் பிரதிகள் இருந்த இடம் குண்டுக்குத் தப்பிவிட்டது. ஆனால் பின்னால் அங்கே வந்து தங்கிய யாரோ ஒருவர், குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் எரித்துவிட்டார். முப்பது வயதுவரை எழுதிய அத்தனையும் போயிற்று.

1945இல் சிலவற்றை நினைவிலிருந்து மீட்டார். ஒரு பியானோ ட்ரியோ, நாட்டுப்பாடல்கள் சில, 'துயர முகப்பிசை' (Tragic Overture). இந்த மூன்றாவதை அவசியம் கேளுங்கள். நான்கே சுரங்கள் கொண்ட ஒரு சிறு துணுக்கு. தொடக்கம் முதல் முடிவுவரை அதை விடவே மாட்டார். இடையில் தாளக் கருவிகளில் குண்டு விழும், ட்ராம்போன் வழுக்கிக்கொண்டே போய் விமானம் தூரத்தில் தேயும். இவ்வளவு இறுக்கமாகக் கட்டியதை மனதில் வைத்திருப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

முதல் சிம்பொனியையும் அதே வருடம் மீட்டெழுதி, தாமே நடத்தினார். கேட்டபோது பிடிக்கவில்லை, விலக்கிவிட்டார். இரண்டாவதைத் தொடவே இல்லை. பழையதைத் தோண்டியது போதும் என்று 1948இல் புதிதாக ஒன்றை எழுதி, அதற்கு ஒன்றாம் எண் கொடுத்தார். அதுதான் ரஸ்டிகா.

போலந்துக் கிராமத்தார் காகிதத்தை மடித்து, கத்தரித்து, விரித்து ஒட்டும் சித்திரங்கள் உண்டு. இடப்பக்கச் சேவலுக்கு எதிரே வலப்பக்கம் அதே சேவல் நிற்கும். ரஸ்டிகாவின் அமைப்பு அதிலிருந்து வந்தது. மேடையில் இரண்டு தந்திக் குழுக்கள் இருபுறமும், எட்டு காற்றுக்கருவிகள் நடுவிலும். ஹெட்போனில் கேட்டால் மடிப்பு எங்கே என்று தெரியும். 1949இல் இதற்கு முதல் பரிசு கிடைத்தது. அப்புறம் கம்யூனிஸ்ட் அரசின் கலாச்சாரத் துணை அமைச்சர் சொகோர்ஸ்கி, 'ரஸ்டிகா என்ற ஒன்று இனி இல்லை' என்று அறிவித்தார். வயல், சேவல் எல்லாம் இருந்தும் கலை ஆட்சியின் கொள்கையைப் பாட வேண்டும் என்ற சோசலிச யதார்த்தவாதத்துக்கு அது போதவில்லை!

கணக்கில் விடுபட்ட இன்னொன்றும் உண்டு. 1951இல் அரசு விரும்பிய வகையில், கூட்டுப்பாடலோடு 'அமைதி சிம்பொனி' எழுதினார். 1954இல் சூரிச்சுக்கு இசை நடத்தப் போனவர் அங்கிருந்து தப்பி லண்டன் சேர்ந்தார். பிறகு அந்தச் சிம்பொனியைப் பிரித்து, பாடலைக் கழற்றிவிட்டு, மிஞ்சியதிலிருந்து 'சின்ஃபோனியா எலஜியாகா' செய்தார். 1957இல் ஸ்டோகோவ்ஸ்கி அதை ஹூஸ்டனில் நடத்தினார். இரண்டாம் எண் அதற்குப் போனது. 1963இல் எழுதிய 'சின்ஃபோனியா சாக்ரா' மூன்றாவது.

இவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லா இழப்பையும் போர், ஆட்சி என்ற இரண்டின் தலையில் கட்டிவிடுவார்கள். ஆட்சி செய்தது சின்ன விஷயமல்ல. தப்பியோடிய நாளிலிருந்து 1977வரை போலந்தில் அவர் இசைக்குத் தடை. ஆனால் தடைசெய்யப்பட்ட ரஸ்டிகா இன்று நம் காதில் விழுகிறது. மீட்டெழுதிய முதல் சிம்பொனி விழவில்லை. அதை நிறுத்தியவர் அவரேதான். சொகோர்ஸ்கியைவிடக் கறாரான தணிக்கையாளர் பனூஃப்னிக். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இளவயதுக்காரரின் பிசிறுகளோடு அது கிடைத்திருக்கலாம்.

சரி, அடுத்து எது? சாக்ராவேதான். நான்கு மூலைகளில் நான்கு ட்ரம்பெட்டுகள் நின்று தொடங்கும். அடங்கிய தந்திகள், பிறகு தாளக் கருவிகளின் மோதல், அதன்பின் 'போகுரோஜீட்சா' என்ற பழைய போலந்து மாதா துதி, காதில் விழுமா விழாதா என்ற அளவில் ஆரம்பித்து எழும். உச்சத்தில் ட்ரம்பெட்டுகள் திரும்ப வந்து சேர்ந்துகொள்ளும். 1970களில் வந்த 'சின்ஃபோனியா டி ஸ்ஃபெரே' போன்றவற்றைப் பொறுத்துக் கேட்கலாம். அவற்றை வடிவியல் வரைபடம் போட்டுத்தான் கட்டினார்; வரைபடம் முந்திக்கொள்கிறது, இசை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. இது என் கருத்து மட்டுமே, சண்டைக்கு வராதீர்கள்.

பதிவு தேடும்போது நடத்துனர் பெயரைப் பாருங்கள். மான்டே கார்லோ குழுவை வைத்து ரஸ்டிகாவையும் சாக்ராவையும் அவரே நடத்திய பதிவு இருக்கிறது. பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கபௌ குழுவோடு சாக்ராவை மறுபடி பதிவு செய்தார். நான் கான்செர்ட்கபௌ பதிவைச் சொல்வேன்.